தளம் காத்திருக்கும்

அப்பு,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், வெஞ்சனம் கருகுது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டது நியாயம்தான். "கம்பெனியை மூடிட்டு, சாமானை எல்லாம் குடுத்துட்டு, ஒரேயடியா சென்னைக்கு வந்துரும்மா. காவ்யாவுக்கும் அம்மா இல்ல. பிள்ளை பொறக்குற நேரத்துல நீ பக்கத்துல இல்லாம நாங்க என்ன செய்வோம்" என்றாய். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். அந்தச் சரிம்மாவில் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இது ஆடி மாதம். யாரும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மாட்டார்கள், நிலை வைக்க மாட்டார்கள். கொத்தனார்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கும் கை சும்மா இருக்கிறது. ஐந்தாவது படித்தவள் எழுதுகிற வேகத்தில்தான் எழுதுவேன். நீயும் அந்த வேகத்திலேயே படி.

நீ கேட்டதற்கு முன்னால், நீ கேட்காத ஒன்று நமக்கு நடுவில் கிடக்கிறது. அப்பாவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மறுநாள் நான் வாசலைத் தாண்டி வெளியே போனேன். சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "நீயும் அப்பா மாதிரியே ஆயிட்டியேம்மா" என்றாய். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய். கருமாதி முடிந்து நீ பஸ் ஏறுகிற வரைக்கும் எத்தனையோ பேசினோம். மாத்திரை, கேஸ் சிலிண்டர், பேங்க், மாடியில் சொட்டுகிற பைப் எல்லாம் பேசினோம். அதைப் பேசவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் உன்னுடைய இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பழைய கதை வரும். பொறுத்துக்கொள்.

உன் தாத்தா ஆரம்பத்தில் மோட்டார் ரூம் கட்டுகிற கொத்தனார். செம்பட்டி பக்கம் பூந்தோட்டம், வெங்காயத் தோட்டம் எங்கெல்லாம் கிணற்றுக்குக் கரண்டு வந்ததோ, அங்கெல்லாம் ஒரு சின்ன ரூம் கட்டிக் கொடுப்பார். மேலே ஓடு போடுவார், இல்லாவிட்டால் கல் பலகை போடுவார். கான்கிரீட் தளம் போட்டது அதற்குப் பிறகுதான். முதல் தளம் செம்பட்டியில் ஒரு வெங்காய வியாபாரி வீட்டுக்குப் போட்டார். போட்டு முடித்த மறுநாள் நம் குலதெய்வத்துக்குக் கும்பிடு. குடும்பமே வேன் பிடித்துப் போய்விட்டது. வீட்டுக்காரரிடம், நீங்களே தண்ணி விட்டுக்கங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் என்று துளசிச் செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருக்கிறார். கிடாய் வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தளம் வற்றிய கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது.

வீட்டுக்காரர் குறை சொல்லவில்லை. அவருக்கு அது தப்பு என்றே தெரியாது. ஆனால் உன் தாத்தாவுக்குத் தெரியுமே. அடைக்கிற வரைக்கும் அடைத்துப் பார்த்தார். அப்படியும் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து மழை வந்தால் ஊரெல்லாம் தன் தன் வீட்டுக்கு ஓடும், உன் தாத்தா அந்த வீட்டுக்கு ஓடுவார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாராம். அந்த வீட்டம்மா, "வாங்க மேஸ்திரி, உங்க மழை வந்துருச்சு" என்று சொல்லி, சொட்டுகிற இடத்தில் ஒரு சட்டியும் அவர் கையில் ஒரு காபியும் வைப்பார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். ஆனால் அந்த வீட்டை இடித்துக் கடை கட்டுகிற வரைக்கும் போவதை அவர் நிறுத்தவில்லை.

அதிலிருந்து வந்ததுதான் நம் வீட்டு வழக்கம். மற்ற கான்ட்ராக்டர்கள் கான்கிரீட் போட்டுவிட்டு, தண்ணி விடுவது உங்கள் பாடு என்று போய்விடுவார்கள். நம் கம்பெனி போட்ட தளத்துக்கு நம் வீட்டு ஆள்தான் தண்ணீர் விட வேண்டும். வீட்டுக்காரர் விடக்கூடாது, வாட்ச்மேன் விடக்கூடாது. அது இறுகுகிற வரைக்கும் காலையும் மாலையும் நம் வீட்டுக் கண் அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தளம் போடும் முன்னாலும் உன் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்குத் தளம் காத்துக்கிட்டு இருக்காது" என்று சொல்வார். மந்திரம் சொல்கிற மாதிரி சொல்வார். உன் அப்பாவும் அதையே சொன்னார்.

என் கல்யாணத்தன்றே எனக்கு இது தெரிந்துவிட்டது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, பெண் அழைத்து வந்து பாலும் பழமும் கொடுத்தார்கள். மத்தியான வெயில் இறங்குகிற நேரம் உன் அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். உன் அத்தை, அதுதான் அவர் அக்கா, வாசலில் மறித்து, "ஏண்டா, புதுப் பொண்டாட்டிய உக்கார வச்சுட்டு எங்கடா போற" என்று கேட்டார். "தளத்துக்குத் தண்ணி விட்டுட்டு வாரேன்" என்றார். "அப்ப அவளையும் கூட்டிட்டுப் போ. உன் மூத்த பொண்டாட்டிய அவளும் பாக்கட்டும்" என்று அத்தை சொல்ல, வீடே சிரித்தது. நான் பட்டுச்சேலையோடு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். புருசனோடு நான் போன முதல் இடம் கோயில் இல்லை, சினிமா இல்லை, காந்திகிராமம் போகிற வழியில் ஒரு மொட்டைத் தளம்.

அங்கே அவர் வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினார். ஊற்றியது எல்லாம் ஒரு பக்கமாக ஓடி வழிந்து போனது. நான் வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழே கிடந்த களிமண்ணைக் கொண்டுவரச் சொல்லி, வைக்கோலோடு பிசைந்து, தளத்தின் மேல் சின்னச் சின்னதாக வரப்பு கட்டினேன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றது. உன் அப்பா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, தளத்துல வெங்காயம் போடப் போறியா" என்று கேட்டார். "முளைச்சா குழம்புக்கு ஆகும்" என்றேன். அன்றைக்கு நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். பாத்தி கட்டுகிற வழக்கம் ஊரில் மற்றவர்களிடமும் இருந்திருக்கும். நம் கம்பெனிக்கு அது என் கையோடு வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தளம் போட்டாலும், "வெங்காயம் போட வா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்புறம் நீயே பார்த்ததுதான் பாதி. வேடசந்தூர் பக்கம் மில்லுக்காரர்கள் வரிசை வரிசையாகக் குடியிருப்பு கட்டினார்கள். மேஸ்திரியாக இருந்த உன் அப்பா கான்ட்ராக்டர் ஆனார். தளத்துக்கு அடியில் கொடுக்கிற பழைய சென்ட்ரிங் தகடு ஒன்றை வெள்ளையடித்து, அதில் தாத்தா பெயரை எழுதி போர்டு மாட்டினோம். நீ பிறந்தது அந்த மில் வேலை நடக்கிறபோதுதான். எனக்கு வலி எடுத்த அன்றைக்கு, ஒரு தளம் போட்டு முடித்து இரண்டாம் நாள். உன் அப்பா என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, "போயிட்டு ஓடி வாரேன்" என்று போனார். நீ பிறந்து, உன்னைத் துடைத்துத் துணி சுற்றி, நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு வந்தார். வேட்டியெல்லாம் ஈரம், கணுக்காலில் சிமெண்ட். நர்சம்மா, "ஈரத்தோட பிள்ளையத் தொடாதீங்க" என்று அதட்டியதில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து உன்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன். "உன் மூத்தது சௌக்கியமா" என்று கேட்டேன். அவருக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

உனக்கு ஆறாவதிலோ ஏழாவதிலோ ஓட்டப் பந்தயத்தில் பரிசு கொடுத்தார்கள். ஒரு எவர்சில்வர் டப்பா. மேடையில் நின்று நீ கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கையைக் கையை ஆட்டினேன். நீ தேடினது என்னை இல்லை. நாற்காலியை எல்லாம் மடக்கி அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். செருப்பு சளக் சளக் என்று சத்தம் போட்டது. நீ டப்பாவை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ எந்த விழாவுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. படிப்பு எடுக்கும்போதும், கட்டிடப் படிப்பு வேண்டாம், கம்ப்யூட்டர் என்று தீர்த்துச் சொன்னாய். அவர், "அவனுக்குப் புடிச்சதைப் படிக்கட்டும்" என்றார்.

அந்த டப்பா என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. அதில்தான் அவர் தினமும் சைட்டுக்கு வெஞ்சனம் கொண்டுபோனார். மூடி கழன்று, அதற்கு ரப்பர் பேண்டு போட்டு, பிறகு வேறு ஏதோ டப்பாவின் மூடியை வைத்து அமுக்கி, அப்படியும் அதைத்தான் கேட்பார். புது டிபன் கேரியர் வாங்கிக் கொடுத்தேன். "இது என் மகன் ஓடி வாங்கினது" என்றார். உன்னிடம் அவர் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஒரு தளத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்த மனிதருக்கு, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அவர் பக்கம் நியாயம் சொல்ல நான் இதை எழுதவில்லை. உனக்கு வலித்தது வலித்ததுதான். அதை நான் அழிக்க முடியாது.

இப்போது பங்குனிக்கு வருகிறேன். சின்னாளபட்டிக்குப் போகிற வழியில் ஒரு டீச்சர் கட்டுகிற புது வீட்டுக்குத் தளம் போட்டோம். சாயங்காலம் கறிச்சோறு போட்டு ஆட்களை அனுப்பிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார். முதுகு பிடிக்கிறது என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். "காலைல வெங்காயம் போடப் போகணும்" என்றார். காலையில் குளித்து, சட்டை போட்டு, வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நீ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது. அது உனக்குத் தெரிந்திருக்காது.

அன்றைக்கெல்லாம் எனக்கு எதுவும் ஓடவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். மறுநாள் காலையில் நீயும் மற்ற ஆம்பளைகளும் பால் தெளிக்கப் போய்விட்டு வந்தீர்கள். வருகிறவர்கள் எல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொருத்தருக்கும் நானும் அழ வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, சத்தம்தான் வந்தது. அப்போது நம் கம்பெனிக் கொத்தனார் பாண்டி மேஸ்திரி வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவரைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. "பாண்டி, டீச்சர் வீட்டுத் தளத்துக்குத் தண்ணி விட்டீங்களா" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டி, "இல்ல மதினி. அண்ணனே இல்லைன்னு ஆச்சு, யாருக்கு மதினி அந்த நெனப்பு" என்று தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் வீட்டில், காரியம் முடிகிற வரைக்கும் எதையும் தொட வேண்டாம் என்று கேட்டைப் பூட்டிவிட்டார்களாம். மரியாதைக்குத்தான் பூட்டியிருக்கிறார்கள். பங்குனி வெயில் மரியாதை பார்க்குமா.

நான் எழுந்தேன். உன் அத்தை, "அடியே, பதினாறு கழியாம வாசப்படி தாண்டுவியா, பித்துப் புடிச்சுப் போச்சா உனக்கு" என்று கத்தினார். நீ ஓடி வந்து கையைப் பிடித்தாய். அந்தச் சொல்லைச் சொன்னாய். நான் உன் கையை எடுத்துவிட்டுப் போய்விட்டேன். பாண்டி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் உன் முகம்தான் தெரிந்தது. பள்ளிக்கூட மேடையில் நின்ற அதே முகம்.

டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. புது வீடு. இன்னும் குடிபோகாத வீடு. நேற்று தாலி இழந்தவள் நான் எப்படி அதற்குள் கால் வைப்பது. டீச்சரும் அவர் அம்மாவும் சாவியோடு வந்தார்கள். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "டீச்சர், நான் உள்ள வரல. நீங்க மோட்டாரைப் போட்டு மேல ஏறுங்க. எப்படிச் செய்யணும்னு இங்கிருந்தே சொல்றேன்" என்றேன். டீச்சர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா வயதானவர். நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. மெதுவாக வந்து கேட்டைத் திறந்து, தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்தார். "இந்த வீட்டுக்கு வானம் தோண்டுறப்ப முதல் மண்ணை அள்ளினது நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகல, வீட்டுக்கும் ஒண்ணும் ஆகல. ஏறு தாயி" என்றார்.

தளம் வெளிறிப் போய்க் கிடந்தது. தெற்கு ஓரத்தில் மயிரிழை மாதிரி கோடு ஓடியிருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன். காய்ந்த கான்கிரீட் மேல் தண்ணீர் விழுந்தால் ஒரு சத்தம் வரும் அப்பு. உஸ்ஸென்று, தாகத்தோடு ஒரு பிள்ளை உறிஞ்சுகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வராத அழுகை. பாண்டி கீழேயே நின்றுகொண்டார். மேலே நானும் தண்ணீரும்தான். அழுதுகொண்டே மண்ணைப் பிசைந்து பாத்தி கட்டினேன். "வெங்காயம் போட வா" என்று கூப்பிட ஆள் இல்லை, நானாக வந்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். வீட்டில் எல்லாருக்கும் பதில் சொல்லி அழ வேண்டியிருந்தது. அங்கே அவருக்காக மட்டும் அழ முடிந்தது.

இதுதான் நான் போன காரணம். தளத்துக்காகவும் போனேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் கடைசியாகச் செய்த வேலை வெடித்துக் கிடக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் உன்னை விட்டுப் போகவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து அழத்தான் எனக்கு ஆசை. அந்தக் கூட்டத்தில் அதற்கு வழி இல்லாமல் இருந்தது. உன்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நாம் இரண்டு பேரும் அந்தத் தளத்தின் மேல் உட்கார்ந்து அழுதிருப்போம்.

கருமாதி வரைக்கும் தினமும் போனேன். உனக்கே தெரியும், நீ ஜன்னலில் நின்று பார்த்தாய். கோடு விழுந்த இடத்துக்கு சிமெண்டைப் பால் மாதிரி கரைத்து ஊற்றினோம். நீ சென்னைக்குப் போன பிறகு சென்ட்ரிங் பிரித்தோம். முட்டுக்கம்பை ஒவ்வொன்றாக உருவும்போது நான் கீழே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டி, "தள்ளி நில்லுங்க மதினி" என்றார். தள்ளவில்லை. தகட்டை எடுக்க எடுக்க, தளம் வழவழவென்று தெரிந்தது. ஒரு கோடு கீழே இறங்கவில்லை. போன வாரம் நல்ல மழை பெய்தது. மழை விட்டதும் உன் தாத்தா மாதிரி நான் ஓடினேன். டீச்சரின் அம்மா விளக்கைப் போட்டுக் காட்டினார். காய்ந்த தளம். "உனக்குச் சட்டி வைக்க வேலை இல்லாமப் போச்சே" என்று சிரித்தார். அந்த வெங்காய வியாபாரி வீட்டுக் கதையை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

நீ அனுப்பிய ஆள் வந்தார். சென்ட்ரிங் தகடு, முட்டு, கலவை மிஷின் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். பாவம், நல்ல மனிதர். ஆனால் சாமான் வைக்கிற செட்டுக்குள் நின்று எல்லாவற்றையும் பாண்டியிடமே கேட்டார், விலையையும் பாண்டியிடமே பேசினார். பாண்டி, "நான் கொத்தனாருங்க, முதலாளி அங்க டீ ஆத்திக்கிட்டு இருக்காங்க" என்றார். அவர் திரும்பிப் பார்த்தபோது நான் டம்ளரை நீட்டினேன். டீயை நல்லா இருக்கு என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். அவர்மேல் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் கொடுக்கவில்லை.

ஆமாம் அப்பு, நான் மூடவில்லை. பெரிய கம்பெனிகள் வண்டியிலேயே கான்கிரீட்டைக் கலந்து கொண்டுவந்து ஒரே நாளில் வரிசையாக ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அவர்களோடு நான் ஓடப் போவதில்லை. ஒரு நேரத்துக்கு ஒரு வீடு. பாண்டி இருக்கிறார். கணக்கும் கம்பி அளவும் படத்தில் புரியாவிட்டால், உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பிள்ளை என்ஜினியராக இங்கேதானே இருக்கிறாள், அவள் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள். உன்னை வா என்று நான் கூப்பிடவில்லை. உன் வேலை உனக்குப் பிடித்த வேலை. அதை விட்டுவிட்டு, அப்பாவுக்காக என்று நீ வந்து நின்றால், ஒவ்வொரு செங்கலும் உனக்கு அந்தப் பள்ளிக்கூட மேடை மாதிரிதான் இருக்கும். அது வேண்டாம். நான் ஒரேயடியாகச் சென்னைக்கு வந்தாலும், உன் வீட்டுப் பால்கனியில் நின்று எதிர் கட்டிடத்துக்கு எவனாவது தண்ணீர் விடுகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு இன்னும் கை கால் நன்றாக இருக்கிறது. இந்த வேலைக்குள்தான் அவர் எனக்குக் கிடைக்கிறார். அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

ஆனால் பிள்ளைப் பேறுக்கு வராமல் இருப்பேனா. அதற்குத்தான் இந்த வாரம் ஒரு வேலை செய்தேன். செம்பட்டியில் ஒரு பூ வியாபாரி வீடு கட்டச் சொல்லியிருக்கிறார். ஆவணியில் ஆரம்பித்தால் தளம் கார்த்திகையில் வரும். காவ்யாவுக்கும் கார்த்திகைதான் சொல்லியிருக்கிறார்கள். நான் அவரிடம், "சுவரோட நிறுத்துறேன், தை பொறந்ததும் தளம் போடலாம்" என்றேன். "அம்புட்டு நாளா? ஏன் தாயி, மழைக்குப் பயந்தா" என்று கேட்டார். "மழைக்கு இல்ல, என் மகனுக்குப் பிள்ளை பொறக்கப் போகுது" என்றேன். "நல்லாருக்கே, உங்க வீட்ல தொட்டில் ஆட, என் வீடு மொட்டையா நிக்கணுமாக்கும்" என்றார். "ஆமா" என்றேன். பிறகு, "பேரனோ பேத்தியோ, பேர் வைக்கிற அன்னைக்குப் பூ நம்ம கடையிலருந்துதான் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். இம்புட்டு லேசாக முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தளம் காத்திருக்காது என்று உன் தாத்தா சொன்னார், உன் அப்பா சொன்னார். நானும் அதை நம்பினேன். அது நிசம்தான். போட்டுவிட்டால் காத்திருக்காது. ஆனால் போடுவதற்கு முன்னால் அது எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். சுவர் நிற்கும், கம்பி நிற்கும், மணல் குவியல் கிடக்கும். கும்பிடு முடியட்டும், பிரசவம் முடியட்டும், பிள்ளையின் பள்ளிக்கூட விழா முடியட்டும், பிறகு போடலாம் என்று ஒரே ஒரு தடவைகூட நம் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லையே. இத்தனை வருசம் தண்ணீர் விட்ட எனக்கும் தோன்றவில்லையே. இதைக் கேட்க உன் அப்பா இல்லை. இருந்திருந்தால், "ஏ புள்ள, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா" என்று என்னையே குற்றம் சொல்லியிருப்பார்.

நீ கம்ப்யூட்டரில் என்ன ஊற்றுகிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன் வேலையிலும் ஆரம்பித்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டு வர முடியாதது ஒன்று இருக்கும். காவ்யாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதத்தில் அதை ஆரம்பிக்காதே. உன் மேலதிகாரியிடம் இப்போதே சொல்லி வை. அவர், "என்னை மொட்டையா நிக்க வைக்கிறியா" என்று கேட்டால், ஆமாம் என்று சொல். அப்பாவிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

அந்த டப்பாவைத் தேய்த்து வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன். பிரசவ மருந்துக்கு வேண்டியதையும் இங்கேயே இடித்து எடுத்து வருகிறேன், அங்கே ஒன்றும் வாங்காதே. உன் அப்பா நீ பிறந்த பிறகு ஈரக் கையோடு வந்து, உன்னைத் தொட முடியாமல் நின்றார். நான் உன் பிள்ளை வருவதற்கு முன்னாலேயே, காய்ந்த கையோடு வந்து நிற்பேன்.

உன் அம்மா